எந்தக் கோலால் அளந்தது?

ஐயங்கார்குளத்தில் சென்ற மாதம் ஒரு வீட்டின் கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை. கம்பி கட்டி, கவர் பிளாக் வைத்து, மின்குழாய்களும் ஓடிவிட்டன. சென்ட்ரிங்கின் பக்கப் பலகையில் டேப்பை வைத்துப் பார்த்தேன். 114 மி.மீ. காட்டியது. வரைபடத்தில் நான் எழுதியிருந்தது 125. மேஸ்திரி பதறவில்லை. "நாலரை இஞ்சு ஸ்லாப் சார். இந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் அதான் போடுறோம். அஞ்சு இஞ்சுன்னாலும் நாலு நூல்தானே வித்தியாசம்?" என்றார்.

நாலு நூல் என்றால் அரை அங்குலம். 20 மி.மீ. கவர், 10 மி.மீ. கம்பி என்று வைத்துக்கொண்டால் பயனுறு ஆழம் 100 மி.மீட்டரிலிருந்து 89 ஆகிவிடுகிறது. விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது; அது ஏறத்தாழ 24 சதவீதம் குறைகிறது. தளம் இடிந்து விழுந்துவிடாது. சில வருடங்களில் நடுவில் தொய்யும், விரிசல் ஓடும், மொட்டைமாடியில் மழைநீர் தேங்கும். அப்போது வீட்டுக்காரர் சிமென்ட்டைத்தான் குறை சொல்வார். அன்றிரவே பலகையை உயர்த்திக் கட்டினோம்.

இந்தப் பிழையை மேஸ்திரியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் மில்லிமீட்டரில் வரைந்து கொடுத்தேன்; அவருடைய கையும் கண்ணும் அங்குலத்தில் பழகியவை. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வேலை யார் தாளிலும் நடக்கவில்லை. அது வழக்கத்தின் கையில் விடப்பட்டிருந்தது.

எடை அளவுத் தரச் சட்டம் 1956 டிசம்பரில் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. நாம் கல்லூரியில் படித்ததும் மெட்ரிக்தான். ஐ.எஸ். 456 மில்லிமீட்டரில் பேசுகிறது, மதிப்பீடு கனமீட்டரில் போகிறது. ஆனால் எம்-சாண்ட் யூனிட் கணக்கில் வந்து இறங்குகிறது: யூனிட்டுக்கு நூறு கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். ஜல்லி இன்றும் முக்கால், ஒண்ணரை. மனை சென்ட்டில், பட்டா ஹெக்டேர்-ஏரில். ஐந்து சென்ட் என்பது 202.3 சதுர மீட்டர். யாராவது அதை 2 ஏர் என்று சுருக்கி எழுதினால் 25 சதுர அடி தாளிலிருந்து மறைந்துவிடும்.

அடியை ஒழிக்க வேண்டும் என்பவர்களோடு இந்த இதழ் உடன்படவில்லை. ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர், முக்கால் குழாய் என்று பாதியும் காலும் அரைக்காலுமாகப் பிரித்து வேலை செய்யும் கைக்கு அந்த அளவு பொருந்துகிறது. பிரச்சினை முழுமையாக்குவதில் இருக்கிறது. ரிங் இடைவெளி 150 என்பது களத்தில் 6 அங்குலம் ஆகும்போது 152.4, பெரிய பாதகமில்லை. 125 என்பது 5 அங்குலமானால் 127, அதுவும் போகட்டும். ஆனால் "ஒரு மீட்டர்னா மூணு அடி" என்று பக்கத் திறந்தவெளி விட்டால் எட்டரை சென்டிமீட்டர் குறைகிறது. 3 மீட்டர் இடைவெளித் தூண்களைப் பத்து அடி என்று குறித்தால் ஒரு இடைவெளியில் 48 மி.மீ. கூடுகிறது, பதினோராவது இடைவெளி முடியும்போது 53 சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடும்.

இதற்கு விதி எளிது. கம்பி இடைவெளியை மாற்றும்போது கீழே இறக்க வேண்டும். தடிமனையும் திறந்தவெளியையும் மேலே ஏற்ற வேண்டும். தூண் மையங்களை முழுமையாக்கவே கூடாது. இதைத் தீர்மானிக்க வேண்டியவர் வடிவமைத்தவர். மாலை ஆறு மணிக்குச் சாரத்தின்மேல் நிற்பவரிடம் அதை விட்டுவிடுவது நியாயமில்லை.

பழைய கட்டடங்களில் கை வைக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்குலக் காலத்து "நாலு நூல் கம்பி" 12.7 மி.மீ. விட்டம், குறுக்குப் பரப்பு 126.7 சதுர மி.மீ. இன்றைய 12 மி.மீ. கம்பியின் பரப்பு 113.1. துருப்பிடித்த பழைய கம்பிக்குப் பதில் "அதே அரை இஞ்சுதான்" என்று ஒன்றுக்கு ஒன்று வைத்தால் பத்து சதவீதத்துக்கும் மேல் இரும்பு குறைகிறது. ஐந்து நூலுக்கு 16, ஆறு நூலுக்கு 20 வைக்கும்போது இந்த இழப்பு இல்லை. அதனால்தான் நாலு நூலில் மட்டும் கவனம் தவறிவிடுகிறது.

நீர்க்கணக்கில் மட்டும் என் சாய்வு முழுக்க மெட்ரிக் பக்கம். தாதாச்சாரியார் வெட்டியதாகச் சொல்லப்படும் ஐயங்கார்குளத்துப் பெருங்குளத்தின் கரையில் நின்றால், அதில் எவ்வளவு நீர் நிற்கும் என்ற கேள்வி எந்தப் பொறியாளருக்கும் வரும். பத்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுந்த நீர் பத்து லட்சம் கனமீட்டர், மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். அதையே 35.3 மில்லியன் கன அடி என்று சொல்லக் கருவி வேண்டும். செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, வெளியேற்றம் கன அடியில். மழை மட்டும் மி.மீட்டரில். அடைமழை இரவில் இந்த இரண்டையும் மாற்றிக்கொண்டிருக்கும் இளநிலைப் பொறியாளரின் நிமிடங்கள் விலை மதிப்புள்ளவை.

அடி என்பதுகூட ஒரே அடி இல்லை. 1802ல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் வழியில் வந்த எவரெஸ்ட் நீள்கோளத்தின் அரைப் பேரச்சு 20,922,931.80 இந்திய அடி. 1937ன் இந்திய அடி 0.30479841 மீட்டர், அதன்படி 6,377,276.345 மீட்டர். 1962ன் அடி 0.3047996 மீட்டர், அதன்படி 6,377,301.243. எண் மாறவில்லை, பூமியும் வளரவில்லை. ஆனாலும் 25 மீட்டர் வேறுபாடு. பழைய நிலவரைபடத்தை ஜி.பி.எஸ். ஆயங்களோடு பொருத்துபவர்கள் எந்த அடி என்று கேட்காமல் தொடங்கக் கூடாது.

நம் மண்ணில் இந்தக் கேள்வி புதிதல்ல. ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்த முறையைக் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் இங்கிருந்து தொலைவில்லை. சோழர் காலத்தில் கோல்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. நிலத்தைப் பதிந்தவர்கள் பன்னிரண்டு சாண் கோலா, பதினாறு சாண் கோலா என்பதையும் கல்வெட்டுகளில் சேர்த்து எழுதினார்கள். சில கோயில்களில் கோலின் நீளத்தையே சுவரில் கோடாக வெட்டி வைத்தார்கள். சந்தேகம் வந்தவர் போய் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த இதழிலிருந்து இங்கு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் மி.மீ. அளவுக்குக் கீழே களத்து அளவும் அச்சாகும். அதை வடிவமைத்தவரே முழுமையாக்கித் தர வேண்டும். அலகு எழுதாத எண் உள்ள கட்டுரை திருப்பி அனுப்பப்படும். ஐயங்கார்குளத்து வீட்டின் முதல் மாடித் தளத்துக்கு வரைபடம் தயாராகிவிட்டது. அதில் 125 மி.மீ. என்பதற்குக் கீழே, மேஸ்திரி கேட்டபடி, "அஞ்சு இஞ்சு, குறையக் கூடாது" என்று தமிழில் எழுதியிருக்கிறேன்.