பழைய பெட்டியின் மேல் பழி

சேரம்பாடியில் நண்பர் ஒருவர் விருந்தினர் பங்களா நடத்துகிறார். ஆடி மழையில் நான் போயிருந்தபோது, நீச்சல் குளத்து நீரைச் சுடவைக்கப் புதிதாக வாங்கிய ஹீட் பம்பு அடம் பிடித்துக்கொண்டிருந்தது. விற்றவர்களின் ஆள் வந்து பார்த்தார். "பழைய கன்ட்ரோலர், ஸார்! தூக்கி எறியுங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தப் பெட்டி என்ன குற்றம் செய்தது? காஸ் ஹீட்டர் காலத்தில் அது கற்றவை இரண்டே வார்த்தைகள்: 'ஓடு', 'நில்'. புதிய பம்புக்கும் அவை போதும். பெரும்பாலான பம்புகளில், வெளியார் உத்தரவை வாங்கிக்கொள்ளவென்றே இரண்டு முனைகள் உண்டு. பெட்டியின் ரிலேயிலிருந்து மின்சாரமில்லாத இரண்டு கம்பிகளை இழுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. (அவற்றில் 230 வோல்ட்டை விட்டீர்களோ, பம்பின் மூளை கருகிவிடும்!)

இங்கே பெட்டியிலும் 28 டிகிரி, பம்பிலும் 28 டிகிரி. ஒரே அடுப்பில் மாமியாரும் மருமகளும் சமைத்த கதைதான். பெட்டி 'ஓடு' என்கிறது. பம்போ தன் கணக்குப்படி முன்னதாகவே நின்றுவிடுகிறது. நின்ற கம்ப்ரஸர் மறுபடி கிளம்பச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அது அதன் பாதுகாப்பு. அதையும் கோளாறென்று எழுதிவிட்டார் அந்த மகானுபாவர்!

தேயிலை பாக்டரியில் கொழுந்து வாட்டும் விசிறிகளைக் கவனிக்கும் எலெக்ட்ரீஷியன் மாலையில் வந்தார். பம்பில் மட்டும் 32 வைத்தார். குளம் சுட்டது. புதுப் பெட்டிக்கு நண்பர் கொடுத்த முன்பணந்தான் இன்னும் திரும்பவில்லை.