கடைமடைக் குடியானவரின் கேள்வி

1960-களில் திருச்சி வானொலி நிலையம் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப்பற்றி இடைவிடாது எடுத்துரைத்ததன் பயனாக, தஞ்சை ஜில்லாக் குடியானவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கலாயினர். சொன்னவருக்கு அது வெற்றியே. ஆயினும், கேட்டவரின் சந்தேகம் எவர் செவிக்கு எட்டிற்று? 1956-ல் பூனாவைச் சார்ந்த கிராமங்களில் நடந்த பரீட்சையோ வேறு வகையானது. கிராமத்தார் ஒருங்கே அமர்ந்து ரேடியோவைக் கேட்டு, தமக்குள் விவாதித்து, ஐயங்களை நிலையத்திற்கே எழுதியனுப்பினர். விடையும் ரேடியோவிலேயே வந்தது.

திருவெறும்பூர்ப் பக்கத்துக் கூட்டங்களிலோ பெரும்பாலும் தலைமடைப் பெருநிலக்காரரே பேசுகிறார். உய்யக்கொண்டான் வாய்க்கால் நீர் பிந்தி வந்தால் புதுவிதை என்னாகும் என்பதை நன்கறிந்த கடைமடைக்காரர் ஓரமாய் நின்றுவிட்டுப் போகிறார். கிராம அதிகாரிகள் அடுத்த கூட்டத்தில் அவரையே முதலிற் பேசச்செய்து, கேள்வியைக் குறித்து இலாகாவுக்கு அனுப்புவார்களாக.