முறப்பநாட்டு நாற்காலி

2023 ஏப்ரல் 25, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடி ஜில்லா முறப்பநாட்டில், கோவில்பத்துக் கிராம நிர்வாக அலுவலகத்தில், தம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த லூர்து பிரான்சிஸ் என்ற கிராம அதிகாரி பட்டப்பகலில் வெட்டிச் சாய்க்கப்பட்டார். அவர் செய்த குற்றம் என்ன? தாமிரபரணி ஆற்று மணலைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் நிதியும், ஒருவருக்கு வேலையும் தருவதாக சர்க்கார் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்து மாதத்துக்குள் தீர்ப்பு என்பது நம் நாட்டு வழக்கத்தில் வேகம்தான், பாராட்டுகிறோம். ஆனால் வழக்கு முடிந்ததோடு விஷயமும் முடிந்துவிட்டது என்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. செத்தவர் ஒருவர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோ தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் கிடக்கிறது. அதில் நாளைக்கு யார், எந்தத் துணிவில் உட்காருவார்?

ஒரு கை மணலுக்கு இத்தனை பேச்சா என்று பட்டணத்துக்காரர் கேட்கக்கூடும். கொற்கைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. கப்பல் நின்ற இடத்தில் இன்று நெல்லும் வாழையும் நிற்கின்றன. கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. கடலைத் தள்ளியது யார்? இந்த ஆறுதான். பொதிகை மலையிலிருந்து வண்டலும் மணலும் சுமந்து வந்து, நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிக் கொட்டி நிலமாக்கியது. அப்படி வந்து சேர்ந்த மணல்தான் கோடையில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரம். அதை வழித்து எடுத்தால் படுகை தாழும். வாய்க்கால் தலைமதகு மேட்டில் நிற்கும். குடிதண்ணீர் உறைகிணறு வற்றும். கடற்கரைப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். ஆறு ஆயிரம் வருஷத்தில் சேர்த்ததை லாரிக்காரன் ஒரே ராத்திரியில் அள்ளிக்கொண்டு போகிறான். அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் கிராமத்தில் ஒரு ஊழியர் வேண்டும்.

இந்த ஆற்றுக்காக ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த ஆர். நல்லகண்ணு 2010ஆம் ஆண்டில், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடி மணல் அள்ளத் தடை வாங்கினார். பெரிய காரியம். ஆனால் தடை உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. ஆறோ வெளியே கிடக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கரையில் போய் நின்று, ‘வண்டியை நிறுத்து’ என்று சொல்ல நீதிபதி வரமாட்டார். மந்திரியும் வரமாட்டார். கிராம அதிகாரியும் தலையாரியும்தான் போகவேண்டும். ஜனநாயகத்தில் சட்டம் என்பது கடைசியில் அந்த இரண்டு பேருடைய கால்களில்தான் நடக்கிறது.

அந்த நாற்காலியின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாது. 1980 வரை கிராமக் கணக்கு பரம்பரைச் சொத்துப் போல இருந்தது. அப்பன் கர்ணம், மகன் கர்ணம். மணியம் பார்த்த குடும்பமே மணியம் பார்க்கும். சிட்டா நகல் வேண்டும் என்றால் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் நம் பாட்டன்மார். யார் நிலம் யார் பெயரில் ஏறும் என்பது அந்தத் திண்ணையின் தயவு. 1980இல் சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. கோர்ட்டுக்குப் போனார்கள், 1982இல் சுப்ரீம் கோர்ட்டும் சட்டம் செல்லும் என்றது. அதன் பிறகு பரீட்சை எழுதித் தேறியவர் அந்த வேலைக்கு வந்தார். கூலிக்காரன் மகனும் வந்தான், சேரிப் பெண்ணும் வந்தாள். திண்ணை போய் நாற்காலி வந்தது என்பது சின்ன மாறுதல் அல்ல. 2022இல் நான்காம் தொகுதித் தேர்வுக்கு 7,301 இடங்கள் என்று அறிவித்தபோது ஏறத்தாழ 22 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். வேலையில்லாக் கொடுமை அதற்கு முதல் காரணம், மறுக்கவில்லை. சிபாரிசு இல்லாமல், சாதி கேட்காமல், மார்க்கைப் பார்த்துக் கிடைக்கும் வேலை என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது.

“அவர்கள் மட்டும் யோக்கியமா? சான்றிதழுக்குக் காசு கேட்கவில்லையா?” என்று நம் தோழர் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கேட்கிறார்கள்; வாங்குகிறார்கள்; நாமும் கொடுத்திருக்கிறோம். அந்தப் பேர்வழிகளுக்காக இங்கே வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டவனுக்குக் கவர் வந்தது, கண்ணைத் திறந்து பார்த்தவனுக்கு அரிவாள் வந்தது என்றால், பக்கத்துக் கிராமத்து அதிகாரி என்ன பாடம் படிப்பான்? லஞ்சத்தைப் பிடிக்க ஆயிரம் பொறி வைக்கிறோம். நேர்மையாக இருந்தவனுக்கு ஒரு காவல் வைத்தோமா?

அதிகாரம் என்றால் ஆட்சி, ஊழியம் அல்ல என்ற நோய் இந்தச் சீமையில் பழையது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி கேட்டவர்களுக்குத் துணை நின்ற வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் மார்ச்சில் கைது செய்தார்கள். திருநெல்வேலி கொதித்தெழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டனர். அது வெள்ளைக்காரன் கலெக்டர் காலம் என்று விட்டுவிடலாம். 1999 ஜூலை 23 யார் காலம்? மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களும் அவர்களோடு வந்தவர்களும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்தார்கள். தடியடி நடந்தது. கொக்கிரகுளத்து ஆற்றுக்குள் ஓடி விழுந்து, பெண்களும் குழந்தையுமாகப் பதினேழு பேர் செத்தார்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஜனங்கள்மேல் குண்டு பாய்ந்து பதின்மூன்று உயிர் போயிற்று. விசாரணைக் கமிஷனே போலீசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

மனுக் கொண்டு வருகிறவனைக் கண்டால் ஆயுதம் எடுக்கும் அதே அரசு யந்திரம், மணல் திருடனைப் பற்றி எழுதிக் கொடுத்த தன் கடைசி ஊழியனைத் தனியே விட்டுவிட்டது. மேலே இருப்பவர்களைச் சுற்றிக் காவல். கீழே இருப்பவனுக்கு ஒரு கதவுத் தாழ்ப்பாள்கூட இல்லை. இது தலைகீழ் நியாயம் என்கிறோம்.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18இல் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், கொற்கை வட்டாரம் முழுக்கத் தண்ணீர்க்காடு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தி வைத்தார் ஸ்டேஷன் மாஸ்டர். அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏறத்தாழ 800 பிரயாணிகள். நேரத்துக்கு வண்டி போகவேண்டும் என்று பச்சைக் கொடி காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! தண்ணீர் வடிந்தபிறகு சேற்றை வாரியவர்கள் வெளி ஜில்லாக்களிலிருந்தும் வந்த துப்புரவுத் தொழிலாளர்கள். மின்கம்பத்தில் ஏறியவர்கள் வாரிய ஊழியர்கள். இவர்களில் எத்தனையோ பேர் காண்டிராக்ட் கூலிகள். வெள்ளம் வந்தால் ‘முன்களப் பணியாளர்’. சம்பளத் தேதி வந்தால் ‘காண்டிராக்டரைக் கேள்’. நிரந்தரமான வேலையை நிரந்தரமில்லாத ஆளைக் கொண்டு செய்விப்பது சிக்கனம் அல்ல, மோசடி. நாளைக்குத் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய ஒருவனை எதிர்த்து இன்றைக்கு யார் புகார் எழுதுவார்? பொது ஊழியத்தின் எதிர்காலம் என்ற பெரிய பேச்செல்லாம் இந்தச் சின்னக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

சர்க்காருக்குச் சொல்வது இது. மணல், ஆக்கிரமிப்பு, குளத்து மண் ஆகிய விவகாரங்களில் கிராம அதிகாரி புகார் கொடுத்தால், அந்த நிமிஷத்திலிருந்து அது அவருடைய சொந்தப் புகார் அல்ல, தாசில்தாரின் புகார், கலெக்டரின் புகார். வழக்கில் முதல் பெயர் மேலதிகாரியின் பெயராக இருக்கட்டும். மிரட்டல் வந்தது என்று ஊழியர் சொன்னால் அன்றைக்கே காவல் போடட்டும். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு, கசக்கத்தான் செய்யும். மணல் லாரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கரை வேட்டி நிற்கிறது. எந்தக் கரை என்பது ஊருக்கு ஊர் மாறும். “நம்ம பையன்தான், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்க” என்று கிராம அதிகாரிக்குப் போகும் டெலிபோன் அரிவாளுக்கு முன்னே போகிற தூது. அந்த டெலிபோனை எடுத்தவர் நம் கிளையில் இருந்தாலும் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தயவு தாட்சணியம் வேண்டாம்.

கொற்கை, ஏரல், ஸ்ரீவைகுண்டம், முறப்பநாடு கிளைத் தோழர்கள் இந்த வாரமே தங்கள் ஊர்க் கிராம அலுவலகத்துக்குப் போகவேண்டும். ஆற்றில் வண்டி இறங்கினால் எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த புகார் மனுவில் அந்த அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே ஊர்க்காரர் ஐம்பது பேர் கையெழுத்து இருக்கட்டும். லாரி நம்பரைக் குறித்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும்.