மருத்துவமனைப் பணியாளரின் ஹெபடைடிஸ் பி காப்பு: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பநர், தூய்மைப் பணியாளர் என மருத்துவமனையில் பணியாற்றும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போடப்படவும், அது பலித்ததா என்பது இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டு அவரவர் பதிவேட்டில் ஏறவும் துறை ஆணையிட வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

கல்லீரலைத் தாக்கும் இவ்வைரஸ், உடலுக்கு வெளியே காய்ந்துபோன இரத்தக் கறையிலும் குறைந்தது 7 நாள்கள் தொற்றும் திறனுடன் இருக்கவல்லது. தொற்றுள்ள நோயாளிக்குப் பயன்பட்ட ஊசி, தடுப்பூசி பெறாத ஒருவரைக் குத்திவிட்டால், அந்நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு பெருகியுள்ளது என்பதைப் பொறுத்து, நோய் தொற்றும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை இருக்கிறது, எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அது 1000க்கு ஏறத்தாழ 3 மட்டுமே. தொற்றுக்கு ஆளாகும் பெரியவர்களில் பெரும்பாலோர் தாமாகவே குணமடைந்தாலும், எஞ்சிய சிலரிடம் வைரஸ் நிலைத்துத் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் இறுக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படக்கூடும்.

இந்த ஆபத்து ஊசி போடுபவரோடு நின்றுவிடுவதில்லை. துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டிய ஊசி கவனக்குறைவால் மஞ்சள் பைக்குள் விழுந்துவிட்டால், அப்பையின் வாயைக் கட்டித் தூக்கும் தூய்மைப் பணியாளரின் தொடையில் அது தைக்கிறது; அது யாருக்குப் போட்ட ஊசி என்று கண்டறியவும் பெரும்பாலும் வழியிருப்பதில்லை. மருத்துவக் கழிவுகளைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. ஆகவே, ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதற்காக எவரையும் இக்காப்பிலிருந்து விலக்கிவைக்க இயலாது. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இத்தடுப்பூசி நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது 2011ஆம் ஆண்டில்தான் என்பதால், இன்று பணியில் உள்ளோர் சிறுவயதிலேயே அதைப் பெற்றிருப்பர் என்று கருதிவிடவும் முடியாது.

முதல் தவணைக்குப் பின் 1ஆம் மாதமும் 6ஆம் மாதமும் அடுத்த தவணைகள் போடப்பட வேண்டும். மூன்றாவது தவணையைத் தவறவிட்டவரின் காப்பு உறுதியானதன்று. மூன்றையும் பெற்றவர்களிலும் 100க்கு 5 முதல் 10 பேருக்குப் போதிய எதிர்ப்பொருள், அதாவது வைரஸை அடையாளம் கண்டு முடக்கும் புரதம், உருவாவதில்லை. 40 வயதைக் கடந்தோர், உடற்பருமன் உடையோர், புகைபிடிப்போர் ஆகியோரிடம் இக்குறை மிகுதி. கடைசித் தவணைக்குப் பின் 1 அல்லது 2 மாதங்களுக்குள் எடுக்கும் பரிசோதனையில், ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் எதிர்ப்பொருள் 10 மில்லி சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருந்தால், உடல்நலமுள்ளவருக்கு அக்காப்பு நெடுங்காலம் நீடிக்கும். பிற்காலத்தில் இந்த அளவு குறைந்தாலும் உடலின் நோயெதிர்ப்பு நினைவாற்றல் காத்துநிற்கும் என்பதால், ஆண்டுகள் கழித்து எடுக்கும் பரிசோதனையில் அளவு குறைந்து காணப்பட்டால், தடுப்பூசி பலிக்காதவர் யார், பலித்துப் பின் அளவு தாழ்ந்தவர் யார் என்று பிரித்தறிவது கடினம். பரிசோதனையை உரிய காலத்தில் செய்வது இன்றியமையாதது என்பதற்குக் காரணம் இதுவே.

பலிக்காதவருக்கு மீண்டும் மூன்று தவணை போட்டால் பலருக்கும் காப்பு கிட்டுகிறது. அதற்கும் பலிக்காதவரிடம் அவர் நிலையை எடுத்துரைக்க வேண்டும். ஊசி குத்திய 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ் பி இம்யுனோகுளோபுலின், அதாவது ஆயத்த எதிர்ப்பொருள் மருந்து, அவருக்குக் கிடைத்தாக வேண்டும்.

அமெரிக்காவில் இத்தடுப்பூசியைப் பணியாளருக்கு இலவசமாக அளிப்பது 1991ஆம் ஆண்டில் நிறுவனங்களின் சட்டக் கடமையாக்கப்பட்டது. 1980களில் ஆண்டுக்கு 10,000க்கும் மேல் என மதிப்பிடப்பட்ட மருத்துவப் பணியாளர் தொற்று, தடுப்பூசியும் பாதுகாப்பு நடைமுறைகளும் பரவியதால் 1990களின் பிற்பகுதியில் சில நூறாகச் சுருங்கியது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்னும் வலுவான கொள்முதல் அமைப்பு உள்ள மாநிலத்திற்கு இப்பணி அரிதன்று. முதலாண்டு மருத்துவ, செவிலிய மாணவர் நோயாளியைத் தொடுவதற்கு முன்பே தடுப்பூசி தொடங்கப்பட வேண்டும்; தூய்மைப் பணி ஒப்பந்தங்களில் தடுப்பூசியும் பரிசோதனையும் மருத்துவமனையின் செலவில் நடக்கும் என்ற விதி சேர்க்கப்பட வேண்டும்; மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இம்யுனோகுளோபுலின் இரவிலும் கிடைக்க வேண்டும். இம்மூன்றையும் ஒரே அரசாணையில் அடக்கி, அதன் நிறைவேற்றத்தை ஆண்டுதோறும் மருத்துவமனைவாரியாக வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.