433 ஹோம் ரன்

மூன்றே முறை மட்டை பிடித்து, சொந்த அணிக்கு ஆறு அவுட் வாங்கித் தர முடியுமா? ரான் ரைட் வாங்கித் தந்தார். 2002 ஏப்ரல் 14 அன்று சியாட்டில் மரினர்ஸ் சட்டையில், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக, மேஜர் லீக்கில் அவருக்கு முதல் ஆட்டம். முதல் தடவை ஸ்ட்ரைக் அவுட். இரண்டாம் தடவை அடித்த பந்து பிட்சரிடமே போய்ச் சேர, தளங்களில் நின்ற இருவரும் அவருமாக மூன்று பேர் காலி. மூன்றாம் தடவை இன்னும் இருவர். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு ஒரு விக்கெட்தான். பேஸ்பாலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது, ஓடுகிறவர்களையும் சேர்த்தே வாரிவிடலாம். அடுத்த முறை வந்தபோது மேனேஜர் வேறு ஆளை அனுப்பிவிட்டார். ரைட் அதன்பின் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. மருந்தியல் படித்து மருந்தாளுநர் ஆனார்.

அமெரிக்கர்களுக்கு இப்படிப்பட்ட ஒருநாள் கதைகள் என்றால் உயிர். ஆர்ச்சி கிரஹாம் 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காகக் கடைசி நேரத்தில் களமிறங்கினார், மட்டை பிடிக்கும் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பிறகு மினசோட்டா மாநிலத்தின் சுரங்க ஊரான சிஷோமில் பல பத்தாண்டுகள் டாக்டராக இருந்து 1965இல் இறந்தார். நாவலாசிரியர் கின்செல்லா அவரைக் கதைக்குள் கொண்டுவந்தார், 1989இல் ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படம் அவரை அமரராக்கியது. ஜான் பாசியோரெக் கதை இதற்கு நேர்மாறு. 1963 செப்டம்பர் 29, பதினெட்டு வயது, ஹூஸ்டன் அணி. மூன்று முறை அடித்து மூன்றும் ஹிட், அதற்குமேல் இரண்டு வாக் (அடிக்காமலே முதல் தளம்). அந்த ஒரு ஆட்டத்தோடு முதுகு அவரைக் கைவிட்டது. சராசரி இன்றும் முழுசாக 1.000 என்று புத்தகத்தில் இருக்கிறது. அவர் கலிஃபோர்னியாவில் பி.டி. வாத்தியார் ஆனார்.

இந்தக் கதைகள் எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளை நினைத்து உச்சுக்கொட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: அந்த நாளுக்கு முன்னும் பின்னும் கிடந்த ஆண்டுகளுக்கு யார், என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

மேஜர் லீக்கில் முப்பது அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள், அவற்றுக்கும் கீழே பயிற்சி முகாம் அணிகள். ஏணியின் மேல்படி ட்ரிபிள் ஏ, அதன்கீழ் டபுள் ஏ, அதற்கும் கீழே இரண்டு படிகள். சின்னச் சின்ன ஊர்கள், இரவெல்லாம் பஸ் பயணம். நாற்றங்காலில் விட்டதெல்லாம் வயலுக்குப் போவதில்லை. இங்கும் பெரும்பாலோர் மேலே போகாமலே ஓய்ந்துவிடுகிறார்கள். ஆனால் நாளை மேலே போகப்போகிற ஒருவனுக்குப் பந்து வீசவும், அவன் அடிப்பதைப் பிடிக்கவும் இவர்கள் அத்தனை பேரும் தேவை. தனியாக யாரும் பேஸ்பால் பழக முடியாது.

மைக் ஹெஸ்மனைப் பாருங்கள். 1996இல் அட்லாண்டா பிரேவ்ஸ் புது ஆட்டக்காரர் தேர்வின் பதினைந்தாம் சுற்றில் எடுத்த பையன். 2015 வரை இருபது சீசன் ஆடினார். இடையில் ஜப்பானிலும் ஒரு வருஷம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2015 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ அணிக்காக, மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது அடித்தது அவருடைய 433ஆவது மைனர் லீக் ஹோம் ரன். பஸ் ஆர்லெட் என்பவர் 1930களில் விட்டுப்போன 432 என்ற அமெரிக்க மைனர் லீக் சாதனை அன்று உடைந்தது. மேஜர் லீக்கில் அவர் அடித்தது? பதினான்கு.

இந்தச் சாதனையின் அவஸ்தை அதற்குள்ளேயே இருக்கிறது. நல்ல மட்டையாளரை மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள், மோசமானவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 433 அடிக்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் இருபது வருஷம் நிற்க வேண்டும். ‘புல் டர்ஹம்’ (1988) படத்தின் நாயகன் கிராஷ் டேவிஸ், தான் இப்படியொரு சாதனையை நெருங்குவது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று கூசுவான். படத்தில் அந்த எண்ணிக்கை வெறும் 247. எழுதி இயக்கிய ரான் ஷெல்டனும் மைனர் லீக்கில் ஆடிவிட்டு வந்தவர்தான், அதனால்தான் அந்தக் கூச்சம் அவருக்குப் பிடிபட்டது. ஹெஸ்மன் கூச்சப்பட்டாரா தெரியாது. ஆட்டத்தை விட்டதும் பயிற்சியாளராகி அதே மைனர் லீக்கில் தொடர்ந்தார்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்று இந்தக் கீழ்ப்படிகளில் உண்டு. 2008இல் பிட்சர்களைத் தேடி நடந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டியில், ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேறினார்கள். அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. (ஐ.பி.எல்.லில் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்த ரிங்கு சிங் வேறு.) டிஸ்னி 2014இல் இதைப் படமாக்கியது, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். தினேஷ் இரண்டே ஆண்டில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு கீழ்ப்படிகளிலேயே சில சீசன் ஆடி, முழங்கை கெட்டு, கடைசியில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த மேடைக்குப் போனார். படம் ஒப்பந்தக் கையெழுத்தோடு சந்தோஷமாக முடிந்துவிடுகிறது. சினிமாவுக்கு அது போதும்.

கூலிக் கணக்கைக் கேட்க ஒரு பிட்சரே வேண்டியிருந்தது. காரெட் பிராஷுயிஸ் 2004இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஐந்தாம் சுற்றில் எடுத்தவர். ஆறு சீசன் மைனர் லீக்கில் வீசினார், மேஜர் லீக் வாய்க்கவில்லை. விட்டுவிட்டுச் சட்டம் படித்தார். 2014இல் ஏரன் சென்னே முதலான முன்னாள் ஆட்டக்காரர்களுக்காக மேஜர் லீக் மீதே வழக்குத் தொடுத்தார். அப்போது அடிப்படியில் சம்பளம் மாதம் 1,100 டாலர் அளவில் இருந்தது, அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சி முகாமில் வேர்வை சிந்துவதற்குச் சம்பளம் இல்லை. இது வேலை அல்ல, தொழில் பழகும் காலம் என்பது முதலாளிகள் பக்கத்து வாதம். இருபது வருஷம் பழகிய ஹெஸ்மனிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.

வழக்கு நடக்கும்போதே முதலாளிகள் வாஷிங்டனுக்குப் போனார்கள். 2018 மார்ச்சில் 2,232 பக்க பட்ஜெட் மசோதாவின் உள்ளே ஒரு பிரிவு முளைத்தது: மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு வாரம் நாற்பது மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும், அதற்குமேல் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் கேள்வி இல்லை. ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்’ என்று அதற்குப் பெயர். சிரிக்காமல்தான் வைத்திருப்பார்கள் போல.

ஆனாலும் வழக்கு சாகவில்லை. பயிற்சி முகாமில் இருக்கும்போதும் இவர்கள் ஊழியர்களே என்று 2022இல் நீதிபதி சொன்னார். விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் மேஜர் லீக் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. அந்த ஆண்டே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மைனர் லீக் ஆட்டக்காரர்கள், மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தார்கள். பிட்சர் மேட்டில் நின்று பந்து வீசிய ஆறு வருஷத்தைவிட பிராஷுயிஸின் இந்த எட்டு வருஷம் பெரிய ஆட்டம் என்பது என் கட்சி. பேஸ்பால் புள்ளிவிவரப் புத்தகத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

மேலே ஒரு கால் வைத்தவர்கள் நிலைமையும் ஒரே மாதிரி இல்லை. 1980 முதல் மேஜர் லீக்கில் 43 நாள் இருந்தாலே சிறிய ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. அதற்கு முன் நான்கு வருஷம் தேவைப்பட்டது. புதிய விதி பழையவர்களை எட்டிப்பார்க்கவில்லை. மூன்றரை வருஷம் ஆடியவருக்கும் ஒன்றுமில்லை. 2011இல்தான் மனமிரங்கி, ஆடிய காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர் இறந்தால் மனைவிக்கு அது போகாது.

2023 மார்ச் கடைசியில் மைனர் லீக்கின் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. ட்ரிபிள் ஏ குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. அடுத்த மாதமே, பதின்மூன்று சீசனில் 1,155 மைனர் லீக் ஆட்டங்கள் முடித்திருந்த ட்ரூ மேகி பிட்ஸ்பர்க்கில் முதன்முறையாக மேஜர் லீக் களத்துக்கு வந்தார். ஸ்ட்ரைக் அவுட். அரங்கம் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. மேஜர் லீக்கில் அப்போது குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7.2 லட்சம் டாலர், மேகிக்கு அது சில நாள் கணக்கில் கிடைத்தது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஒவ்வொரு அணியும் உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 180இலிருந்து 165 ஆக 2024 முதல் குறையும். முப்பது அணிகளுக்கு 450 இடங்கள்.