வெளிச்சமும் ஒரு சிகிச்சையா?

கருவுற்ற பெண் காரணமின்றி அழுதாலும், உறக்கமிழந்து வாடினாலும் ‘எல்லாம் மசக்கைதான்’ என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதுண்டு. வாரக்கணக்கில் நீடிக்குமாயின் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். மருந்துண்ண அஞ்சும் சகோதரிகள் பலர். ஆலோசகரிடம் மனம் திறக்கத் தயங்குவோரும் பலர். வேறு வழி உண்டா?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று கருதத்தக்கது. மனச்சோர்வுற்ற 27 கர்ப்பிணிகளுள் ஒரு பிரிவினர், காலையில் கண்விழித்ததும் நாள்தோறும் ஒரு மணி நேரம் 7,000 லக்ஸ் வெண்ணொளியின் முன் அமர்ந்தனர். மற்றவர்க்கு மங்கிய செவ்வொளி. வெறும் 70 லக்ஸ். ஐந்து வாரங்களில் வெண்ணொளி பெற்றோரே மிகுந்த நலம் கண்டனர். உடலின் நாள் ஒழுங்கைக் காலையொளி சீர்செய்வதே காரணம் எனக் கருதுவர். (வீட்டுக் குழல்விளக்கு இதற்குப் போதாது, அது சில நூறு லக்ஸ்தான்.)

அமெரிக்காவில் 150 பெண்களிடம் நடந்து 2010இல் வெளியான அக்குபங்சர் ஆய்வும் நற்பலன் காட்டிற்று. உடல் பிடித்துவிடுதல், மீனெண்ணெய் ஆகியவற்றுக்கு அத்தனை வலுவான சான்றில்லை. ஆனால் 2013இல் இத்தகைய ஆறு ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் அமைப்போ, எதையும் உறுதியாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. 27 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கையன்றோ!

ஆகவே, மருத்துவர் அறியத் துணைச் சிகிச்சையாகவே இவற்றைக் கொள்க. உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. இருமுனை மனநோய் உள்ளோர்க்கு ஒளிச்சிகிச்சை தீங்காகவும் முடியலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவள் வாய்விட்டுச் சொன்னால், விளக்கையோ ஊசியையோ தேடிக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.