மட்டாஞ்சேரிக்கு ஆங்கில வழி எதற்கு?

மட்டாஞ்சேரிக்குப் புறப்படும் தமிழ் மாணவர் ஒருவர், கொச்சியைப் பற்றி எந்த நாவலைப் படிக்கலாம் என்று கேட்டால், துறை நண்பர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் சல்மான் ருஷ்தியின் ‘தி மூர்ஸ் லாஸ்ட் சை’ (1995). மிளகு வணிகக் குடும்பமும் பரதேசி யூதர் ஆலயத்தின் நீலவண்ணத் தரையோடுகளும் அதில் ஒளிர்கின்றன. நாவலின் தகுதியை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது, அண்டை மொழியின் புனைவை ஆங்கில வாசல் வழியே மட்டும் தேடும் பழக்கத்தை.

என்.எஸ். மாதவனின் ‘லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்’ 2003இல் மலையாளத்தில் வெளிவந்தது. கொச்சிக் காயலில் இருப்பதாகப் புனையப்பட்ட தீவு ஒன்றின் 1950கள், 60களின் வாழ்வை ஜெசிக்கா என்னும் பெண் சொல்கிறாள். இலத்தீன் கத்தோலிக்கரும் தச்சரும் சவிட்டு நாடகக் கலைஞரும் அதன் மாந்தர். இரா. முருகன் இதனைப் ‘பீரங்கிப் பாடல்கள்’ என்று தமிழாக்க, கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. ஆயினும் தமிழ்நாட்டுக் கருத்தரங்குகளில் இந்நாவலைக் குறிப்பிடுவோர்கூட ஆங்கிலப் பதிப்பையே சுட்டுவது வழக்கமாகிவிட்டது.

இதில் இழப்பு எது? மலையாளத் தலைப்பின் ‘லந்தன்’ ஒல்லாந்தரைக் குறிக்கும். பழந்தமிழ் ஆவணங்களின் ‘உலாந்தா’வுக்கு உடன்பிறப்பு. நாவலில் வரும் சவிட்டு நாடகத்தின் பழஞ்சுவடிகள் தமிழ் மிகுந்த மொழியில் அமைந்தவை; அதன் தொடக்க ஆசிரியராக மரபு சுட்டும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர் என்பர். ஈழத்துக் கூத்தில் இன்றும் ஆசிரியருக்கு ‘அண்ணாவி’ என்றே பெயர். ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் 1579இல் அச்சேறியதும் கொச்சியிலேதான். ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் குடும்பங்களின் வீட்டுமொழி இன்றும் தமிழ். இவ்வளவு நெருக்கமான ஊரை ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் தமிழ் மாணவர், சொந்த உறவினர் வீட்டுக்குச் சுற்றுலாப் பயணியாகச் செல்கிறார்.

பல மொழியினர் கூடிய வகுப்பறைக்கு ஆங்கிலம் பொதுமொழி என்பர் சிலர். அந்த வகுப்பறைக்கு அது பொருந்தும். தமிழர் தமிழருக்குப் பரிந்துரைக்கும்போதும் அதே பட்டியல் வருவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே செயல்படுவது விருதின் கவர்ச்சி. ஜேசிபி பரிசு முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை மலையாள நாவல்களுக்குக் கிடைத்தது: பென்யாமின் (2018), எஸ். ஹரீஷ் (2020), எம். முகுந்தன் (2021). மூன்றுமே ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே போட்டிக்கு வந்தவை. பரிசு அறிவிக்கப்பட்ட பின்னரே அண்டை வீட்டாரை அறியும் நிலை, ஒப்பிலக்கியம் பயிலும் துறைகளுக்குப் பெருமை தருவதன்று.

ஆகவே பரிந்துரைப்போர்மீது ஒரு கடமை உண்டு. நூலின் மூலமொழியையும் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் சொல்ல வேண்டும். தமிழாக்கம் இருப்பின் அதனையே முதலில் சொல்ல வேண்டும். மூலத்தோடு அதனை ஒப்பிட்டுக் குறை காண்பதும் ஆய்வாளரின் வேலையே. படிக்கவே படாத தமிழாக்கத்துக்கு விமர்சனமும் கிடைப்பதில்லை, மறுபதிப்பும் அரிது. இன்று பட்டியலில் விடுபடும் பெயர், நாளை நூலகத்திலும் இருக்காது.